நாயைப் பிடிங்க

உலான்பாத்தர்
2010 ஜனவரி 11

அன்புள்ள யஞ்மா அக்காவுக்கு,

குளிர்காலம் சுகமாகக் கழிகிறதா? ஆடும் மாடும் குதிரையும் கொழுப்பு இறங்காமல் நிற்கின்றனவா? தொர்லிக் அத்தான் நலமா? ஹசர் இன்னும் வருகிறவன் போகிறவன் காலையெல்லாம் கவ்விக்கொண்டுதான் இருக்கிறானா? இங்கே நானும் சுகமாகவே இருக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் மலையேறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். இந்தக் குளிரில் மலையேறி, மணியடித்ததும் எடுத்து, என் குரலைக் கேட்டுப் பட்டென்று வைத்துவிட்டு இறங்குகிறீர்கள் என்றால் கோபம் எந்த அளவு என்று எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் கடிதம். பெட்ரோல் லாரி ஓட்டும் பல்ஜிரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைக் கிழிப்பதானாலும் ஒரு தடவை கண்ணில் பட்டுத்தானே ஆக வேண்டும்.

சண்டையைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை. இலையுதிர் காலத்தில் உங்கள் வீட்டு விருந்தில் நான் என்ன சொன்னேன்? "இந்தக் குளிரு உங்க மந்தையில ஒண்ணையும் விட்டு வைக்காது. இப்பவே வித்துட்டு டவுனுக்கு வாங்க." இதுதானே? கோடையில் புல் முளைக்கவில்லை, வானிலைக்காரர்கள் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொன்னார்கள், படித்தேன், சொன்னேன். அத்தான் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினார். "வாயில வந்ததைத் திரும்ப முழுங்கு மச்சான். முழுங்கிட்டு அப்புறமா இந்த வாசல்ல காலை வை" என்றார். அத்தனை பேர் முன்னால். நீங்கள் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தீர்கள், நிமிரவில்லை. இப்போது ஊரில் என்னைக் கருநாக்குக்காரன் என்கிறார்களாம். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். பனியில் மந்தையைப் பறிகொடுத்தவர்கள் போன் செய்து பேசுவதற்காக இங்கே ஓர் உதவி மையம் தொடங்குகிறார்கள். போனை எடுக்கிற தொண்டர்களுக்கு ஒரு கையேடு. இங்கிலீஷில் எழுதியது. மொழிபெயர்க்கிற பொறுப்பு என் தலையில். அதன் நடுவில் ஒரு பகுதி, மனம் உடைகிற நிலையில் இருப்பவர்கள் சொல்லக்கூடிய வாக்கியங்கள். இதில் ஏதாவது காதில் விழுந்தால் உஷாராக வேண்டும் என்பது ஏற்பாடு.

"கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டேன்" என்கிறது ஒன்று. நம்மூரில் கயிற்றின் நுனியில் குதிரை நிற்கும், அது நல்ல சேதி அல்லவா? "அடிப்பாறையில் மோதிவிட்டேன்" என்கிறது இன்னொன்று. கிணறு தோண்டுகிறவன் சொல்வான். "தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்க முடியவில்லை." நம் கோபிப் பாலைவனத்தில் எந்தத் தண்ணீர்? அப்புறம் ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசி வைக்கோல் ஒன்று வருகிறது. ஒட்டகம் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம், ஆனால் அதற்குப் பிறகு வாக்கியம் நகரவில்லை.

நீங்கள் அந்த வட்டம் முழுவதற்கும் கால்நடை மருத்துவர். வீடு வீடாகப் போகிறவர். தாங்க முடியாமல் போகும்போது நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்கள் வாயில் வருகிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். வசந்தத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

உங்கள் தம்பி
மக்சர்


குளிர்கால முகாம்
ஜனவரி 24

மக்சர்,

சுகமாகக் கழிகிறது. மந்தை சுகம். அவர் சுகம். ஹசர் சுகம், கதவோரம் படுத்துக்கொண்டு உன் கடிதத்தைப் பார்த்து உறுமினான்.

கடிதத்தை உள்ளே எடுக்கும் முன்னால் பல்ஜிரை அதற்குப் புகை காட்டச் சொன்னேன். "ஏன்க்கா, டவுன்ல ஏதாச்சும் நோயா?" என்று பயந்துபோய்க் கேட்டான். "ஆமா, எழுத்து நோய்" என்றேன்.

டவுனில் இருந்து இருந்து உனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. ஒரு மனுஷன் தன் வாயால் "நான் முடிந்துபோனேன்" என்று சொல்வானா? சொன்னால் முடிந்துபோகும். உன் வாய்க்கு அது தெரியாது. காகிதத்துக்குமா தெரியாது? அந்தப் பக்கத்தை எரித்துவிடலாம் என்று பார்த்தேன். அடுப்புத் தீயில் அதைப் போட மனம் வரவில்லை, தீ என்ன பாவம் செய்தது? வெளியே ஒரு கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வசந்தத்தில் காற்று வந்து கொண்டு போகட்டும்.

உன் ஒட்டகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வைக்கோல் ஒட்டகத்தின் முதுகை ஒடிக்காது. வைக்கோல் இல்லாமல் போவதுதான் ஒடிக்கும். அந்த இங்கிலீஷ்காரனை ஒருநாள் இங்கே வந்து நிற்கச் சொல்.

ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாய். "டீ குடிங்க டாக்டர்" என்கிறார்கள். வேறொன்றும் சொல்வதில்லை.

அவர் மிச்சத்தை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிக் கிழக்கே போயிருக்கிறார். பனி இளகினால்தான் வருவார். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. நீ கவலைப்பட வேண்டியது ஒன்றும் இல்லை. கரிப்புகையில் வாயைத் திறந்துகொண்டு நடக்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு நெஞ்சு லேசு.

யஞ்மா


உலான்பாத்தர்
பிப்ரவரி 6

அக்காவுக்கு,

குளிர்காலம் சுகமாகக் கழிகிறதா என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். நான் என்ன கேட்டாலும் நீங்கள் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். இங்கே நானும் சுகம்!

"மிச்சத்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் என்றால் எவ்வளவு மிச்சம்? நீங்கள் ஏன் அத்தானோடு போகவில்லை? அந்த முகாமில் நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்?

இருப்பு கொள்ளவில்லை அக்கா. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னல்வரை நடக்கிறேன், திரும்ப வந்து அந்த வரியை அடிக்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் ஹாந்தா அம்மா பேனாவால் மேசையைத் தட்டி, "என்னப்பா, கட்டிப்போட்ட ஓநாய்க்குட்டி மாதிரி சுத்திக்கிட்டே இருக்க? உட்காரு, எனக்குத் தலை சுத்துது" என்கிறார். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

போன வாரம் போனை வெள்ளோட்டம் பார்த்தோம். மேற்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சுகமா கழியுதா?" என்றாள் போனை எடுத்த தொண்டர்ப் பெண்.

"சுகம். உங்களுக்கு?"

"சுகம்."

அப்புறம் பேச்சே இல்லை. காற்று மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து, "நாளைக்குக் காத்து எப்படி இருக்குமாம்?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அவள் குறிப்பில் பிரச்சினை எதுவும் இல்லை என்று எழுதினாள். கையேட்டில் இருக்கிற ஒரு வாக்கியத்தைக்கூட அந்த மனிதர் சொல்லவில்லை, அவள் வேறென்ன எழுதுவாள்? எனக்கு மட்டும் அந்தக் காற்றுச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அவர் எந்த ஊர், என்ன பேர், ஒன்றும் தெரியாது.

கையேட்டில் முதல் பாடமே பேசுகிறவரின் அனுமதி கேட்க வேண்டும் என்பது. "உங்கள் வெளிக்குள் நான் வரலாமா?" என்று கேட்கச் சொல்கிறது. நம் ஊரில் இப்படிக் கேட்டால் கிண்ணத்தால் அடிப்பார்கள்.

ஒன்று செய்யுங்கள். உங்களைப் பற்றி எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரைப் பற்றி எழுதுங்கள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவருக்கு என்ன ஆயிற்று, என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை. யாரோ ஒருவர். அதில் கருநாக்குக்கு வேலையில்லை.

வெள்ளை மாதம் பிறக்கப்போகிறது. புத்தாண்டுக்கு வந்து உங்கள் கையைத் தாங்கி வணங்க ஆசை. வரலாமா? பல்ஜிர் நாய்ச் சத்தமே கேட்கவில்லை என்றான். ஹசருக்கு வயதாகிவிட்டதா என்ன? அவனுக்காக எலும்பு சேர்த்து வைக்கிறேன்.

மக்சர்


குளிர்கால முகாம்
பிப்ரவரி 25

மக்சர்,

புத்தாண்டு பிறந்தது. சுகமாகக் கழிகிறது. நீ வராமல் இருந்தது நல்லது. இறைச்சிக் கொழுக்கட்டை செய்து வெளியே உறையப் போட்டேன், அப்படியே இருக்கிறது. ஹசர் சுகம்.

யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்டாய். பக்கத்து வட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறாள், என்னைப் போலத்தான். அவளைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு ரொம்பப் பழக்கம் என்றில்லை.

பனி இறுகத் தொடங்கியதும் அவளிடமிருந்த பிழைக்க வைக்கிற மருந்தெல்லாம் தீர்ந்துபோயிற்று. வலியில்லாமல் போக வைக்கிற மருந்து மட்டும் மிஞ்சியது. யாராவது குதிரையில் வருவார்கள். "டாக்டர், வந்து கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்பார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அவளும் கேட்க மாட்டாள். அங்கே போனதும் வீட்டுக்காரன் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். இவள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற ஒவ்வொன்றாகப் போய் முடித்துவைப்பாள். எல்லாம் ஆனதும் வீட்டுக்காரி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பாள். "சுகமா கழியுதா?" என்று கேட்டுக்கொள்வார்கள். சுகம். யாரும் அழுததில்லை. அடுத்த வீடு. அங்கேயும் தேநீர்.

அவளைக் கஷ்டப்படுத்துவது அந்தத் தேநீர்தான் என்று நினைக்கிறேன். ஒருத்தியாவது திட்டியிருக்கலாம்.

ஒரு நாள் காலையில் வெளியே குரல் கேட்டது, "நாயைப் பிடிங்க!" யார் வந்தாலும் குதிரை கட்டுகிற கம்பத்தருகே நின்று அப்படிக் கத்திவிட்டுத்தானே வருவார்கள், நாயே இல்லாத வீடாக இருந்தாலும். வீட்டுக்காரி எழுந்து வெளியே போக வேண்டும். இவள் எழவில்லை. முட்டியில் கையை வைத்து உட்கார்ந்தே இருந்தாள். வந்தவர் இன்னொரு தடவை கத்தினார். கொஞ்ச நேரம் நின்றார். குதிரை திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அதிலிருந்து யார் கத்தினாலும் அவள் எழுவதில்லை. வருகிறவர்கள் கொண்டுவந்ததை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கை கழுவிய தண்ணீரை வெளியே ஊற்றக்கூட அவள் போவதில்லை. பாத்திரத்திலேயே உறைந்து கிடக்கிறது. தன் கையைப் பார்த்தால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறதாம்.

ஒரே ஒரு நாள் எழுந்து வெளியே போனாள். எதற்காகவும் இல்லை, சும்மா நடந்தாள். கூடாரம் கண்ணுக்குத் தெரியாத தூரம் போனபிறகும் திரும்பத் தோன்றவில்லையாம். அப்புறம் திரும்பிவிட்டாள். ஏன் திரும்பினாள் என்று கேட்காதே, அவளுக்கே தெரியாது.

இவளுக்கு உன் இங்கிலீஷ்காரன் என்ன பேர் வைத்திருக்கிறான்? கயிறா, பாறையா?

யஞ்மா


உலான்பாத்தர்
மார்ச் 10

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கியதிலிருந்து அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். பேருந்தில் எடுத்துப் படிக்கிறேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

கையேட்டிலிருந்து கயிறு, பாறை, தண்ணீர், வைக்கோல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டேன். அந்த இடத்தில் பக்கத்து வட்டத்து அம்மாளை வைத்தேன். அச்சுப்படியில் அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். "நாயைப் பிடிங்க என்று கூப்பிட்டும் வெளியே வராமல் இருப்பவர். கை கழுவிய தண்ணீரை ஊற்றாமல் வைத்திருப்பவர். தன் கை தன்னுடையதாகத் தெரியவில்லை என்பவர்."

ஹாந்தா அம்மா என்னோடு மல்லுக்கு நின்றார். "தண்ணி ஊத்தலைன்னா சோம்பேறித்தனம்ப்பா. இதெல்லாம் ஒரு அறிகுறியா?" நான் என்ன நினைத்தேனோ, உங்கள் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நடந்து போன இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "போடு" என்றார்.

அந்தப் பக்கத்தின் கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது. இந்தக் கையேட்டில் ஒவ்வொரு வாக்கியமும் என்னைப் படாதபாடு படுத்தியது. இந்த ஒரு வரிதான் படித்த உடனே நம் மொழியில் வந்து உட்கார்ந்துகொண்டது. "இவரைத் தனியாக விடாதீர்கள்."

எனவே கேட்கிறேன். அந்த அம்மாளோடு இப்போது யார் இருக்கிறார்கள்? புருஷனுக்குத் தெரியுமா? மருந்துப் பெட்டியை வேறு யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கிறாளா? திரும்பவும் நடக்கப் போனாளா? அவளுக்கு ஒரு தம்பி இருந்தால், அவன் வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தால், அவன் என்ன செய்ய வேண்டும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

மக்சர்


மார்ச் 19

சுகமாகக் கழிகிறது.

பக்கத்து வட்டத்து டாக்டர் தொந்தியும் வழுக்கையுமாக ஒரு ஆம்பளை. உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அம்மாள், அம்மாள் என்று எழுதியிருக்கிறாய். உன் பல்ஜிர் கதவுக்கு வெளியே நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். "அக்கா! பக்கத்து ஊரு டாக்டர் பொம்பளையான்னு உங்க தம்பி கேட்டாரு! இல்லீங்களே, நம்ம பக்கத்துல உங்களை விட்டா வேற பொம்பளை டாக்டரே கிடையாதேன்னு சொல்லிட்டேன்! சரிதானேக்கா?"

நான் உனக்கு எழுதினேன். உனக்கு மட்டும். நீ அதை யாரோ ஒரு பொம்பளைக்குப் படித்துக் காட்டுகிறாய். என் தண்ணீர்ப் பாத்திரத்தை அச்சடிக்கிறாய். தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் எல்லாம் அதைப் படிக்கும். படிக்கிற ஒவ்வொரு வாயும் என்னைத்தான் சொல்லும். இலையுதிர் காலத்தில் ஒரு வாய். இப்போது எத்தனை வாய்?

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. இனிமேல் எழுதாதே. வராதே. அவர் சொன்னது அப்படியேதான் இருக்கிறது, வாயில் வந்ததை முழுங்காமல் இந்த வாசலில் காலை வைக்காதே.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். சும்மா இருக்க வேண்டும்.

யஞ்மா


வழியில், சாலையோரத் தேநீர்க் கடையில்
மார்ச் 29

அக்காவுக்கு,

பக்கத்தை எடுத்துவிட்டேன். அச்சகத்துக்கே போய்க் கண்ணெதிரே எடுக்க வைத்தேன். கையேட்டின் நடுவே ஒரு பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. "இதுக்குப் பதிலா எதைப் போடறதாம்?" என்று ஹாந்தா அம்மா கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். சரி என்றேன். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்காரச் சொல்லவில்லை.

நீங்கள் சும்மா இருக்கச் சொன்னீர்கள். சும்மா இருக்கத்தான் வருகிறேன். பல்ஜிரின் லாரி பனியில் புதைந்து கிடக்கிறது, தோண்டிக்கொண்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிளில் ஒருவர் உங்கள் பக்கம் போகிறார், இதை அவரிடம் கொடுக்கிறேன். நான் வருவது திடீரென்று இருக்கக் கூடாது.

அத்தானிடம் சொல்லுங்கள், வாயில் வந்ததையெல்லாம் முழுங்கியாயிற்று. உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்க மாட்டேன். நீங்கள் பேசச் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன், வாசலில் எல்லோரும் கத்துகிற அந்த ஒன்றைத் தவிர. அதையும் கத்தாமல் வந்தால் ஹசர் என் காலைப் பிடுங்கிவிடுவான். அவனுக்கு நல்ல தொடை எலும்பு ஒன்று கொண்டுவருகிறேன்.

மக்சர்


வசந்தகால முகாம்
மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தக் குளிர்காலம் மோசமாகக் கழிந்தது. மந்தை போய்விட்டது. நான் நன்றாக இல்லாமல் இருந்தேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கூடாரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அவர் வெளியே கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறார். அதனால் மேலே எழுதுகிறேன்.

நீ ஊருக்குக் கிளம்பியதிலிருந்து அவர் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். கிழக்கேயிருந்து அவர் வந்த அன்றைக்கு நீ செத்த ஆடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாய், வாயைத் திறக்காமல். உன்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் இறுகிவிட்டது. ஏதோ சொன்னார், நீ தலையை மட்டும் ஆட்டினாய். உள்ளே வந்து என்னிடம், "என்னாச்சு உன் தம்பிக்கு, ஊமையாயிட்டானா?" என்றார்.

"நீங்கதானே முழுங்கச் சொன்னீங்க? முழுங்கிட்டான்" என்றேன்.

அடுப்பருகே போனார். அப்புறம் தேநீரை ஊற்றி, அந்தக் கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டு வெளியே வந்து உன்னிடம் நீட்டினார். இலையுதிர் காலத்தில் உன் கையிலிருந்து பிடுங்கினாரே, அதே கிண்ணம். நீ கவனித்தாயா என்று தெரியாது. "போதும்டா மச்சான், பேசு. பயமா இருக்கு" என்று அவர் சொன்னதும் நீ பேச ஆரம்பித்தாய் பார், சாயங்காலம்வரை நிறுத்தவில்லை. ஊமையாக இருந்தபோதே தேவலை.

மருந்துப் பெட்டி மாவட்ட அலுவலகத்தில்தான் இருக்கிறது, நீ கொண்டுபோய்க் கொடுத்த இடத்திலேயே. நான் கேட்கவில்லை. பல்ஜிரின் லாரியில் போய் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் என்னைப் பேசச் சொல்கிறாள். எனக்கு எங்கே பேச வருகிறது? மிருகங்களைப் பற்றிச் சொல்கிறேன், எந்த வீட்டில் எது, அதற்கு என்ன வயது என்று. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சில நாள் கை என்னுடையதாகத்தான் இருக்கிறது, சில நாள் இல்லை. தண்ணீரை நானே ஊற்றுகிறேன்.

ஹாந்தா அம்மா வேலையை வேறு ஆளிடம் கொடுக்காமல் உனக்காக அந்த வெள்ளைப் பக்கத்தை இன்னும் காத்து வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். போட்டுக்கொள். தண்ணீர்ப் பாத்திரத்தைப் போடு, நடந்து போனதைப் போடு. பேர் மட்டும் வேண்டாம். உங்கள் வெளிக்குள் வரலாமா என்று கேட்கச் சொன்னானே இங்கிலீஷ்காரன், அதை அடித்துவிடு. போனை எடுத்ததும் உங்கள் பிள்ளைகள், "நாயைப் பிடிங்க, நான் வரேன்" என்று சொல்லட்டும். போனின் மறுமுனையில் இருப்பவருக்குச் சிரிப்பு வரும். எழுந்துதான் ஆக வேண்டும் என்றும் தோன்றும். எனக்குத் தோன்றியது.

இனி ஹசர். நீ கேட்காமலே போய்விட்டாய், நானும் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே அவன் போய்விட்டான். ஓநாய் குதறிவிட்டது. தையல் போட்டுப் பார்த்தேன், தேறவில்லை. கடைசியில் மற்றதற்கெல்லாம் செய்ததை அவனுக்கும் நானேதான் செய்தேன், இதே கையால். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முறைப்படி வாலைத் தலைக்குக் கீழே வைத்து, வாயில் ஒரு துண்டுக் கொழுப்பு வைத்து, குன்றின் மேல் கிடத்தினேன். அதற்குப் பிறகும் உனக்கு ஹசர் சுகம் என்றே எழுதினேன். நீ கொண்டுவந்து விட்டுப்போன எலும்பை நீ ஊருக்குப் போன மறுநாள் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் அழுதேன். அவர் பயந்துபோய்க் குன்றுக்கே ஓடி வந்துவிட்டார்.

நீ வந்த அன்றைக்கு நான் உட்கார்ந்துதான் இருந்தேன். மோட்டார் சைக்கிள்காரர் வைத்துவிட்டுப் போன உன் தாள் மடியில் கிடந்தது. நீ கத்தினாய், "நாயைப் பிடிங்க!" தொண்டை கட்டிப்போய், பாதிதான் சத்தமாக வந்தது. எழக் கூடாது என்று நினைத்தேன். நீ திரும்பக் கத்தினாய். அப்புறமும் கத்தினாய். நான் வந்து பிடிக்கும்வரை நீ அந்தக் கம்பத்தைத் தாண்டி ஓரடி வைக்க மாட்டாய், அந்தக் குளிரிலேயே நின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கதவைத் திறந்தேன். பனியில் வெயில் பட்டுக் கண்ணைத் திறக்க முடியவில்லை. நீ கம்பத்தருகே எலும்பும் கையுமாக நின்றிருந்தாய். நான் குனிந்து, ஹசரின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அங்கே ஒன்றும் இல்லை என்பதை நீ பார்த்தாய். எலும்பை மெதுவாக மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாய்.

"பிடிச்சிருக்கேன், வாடா" என்றேன்.

நீ வந்தாய், அவன் எட்டிக் கவ்வ முடியாத தூரமாகச் சுற்றிக்கொண்டு.

உன் அக்கா
யஞ்மா